விறகுக் கணக்கு

மார்ச்சில் பள்ளி திறக்கிறோம்,
லெங்கா மரங்கள் மூடத் தொடங்கும் மாதம்.
சாண்டியாகோவிலிருந்து வரும் புத்தகத்தில்
இலையுதிர்காலத்துக்கு ஒரே பக்கம்:
மஞ்சள் இலை, குடை பிடித்த பெண்.
இங்கே குடை விரித்தால்
குடை அர்ஜென்டினாவுக்குப் போய்விடும்.

பதினொரு பிள்ளைகள். ஒரே அறை. ஆறு வகுப்பு.
இரண்டாம் வகுப்பு என்பது
ஜன்னலோரம் உட்காரும் யாஸ்னா மட்டும்.
அவளுக்குக் காய்ச்சல் என்றால்
இரண்டாம் வகுப்புக்கே விடுமுறை.

தியா, தியா என்று கூப்பிடுகிறார்கள்.
அத்தை.
இத்தனை வீட்டுக்கு அத்தையானவளுக்குத்
தன் வீட்டில் ஆளில்லை.
(சோகமாகச் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குவேன்.)

மே மாதம் கழித்தல் நடத்தினேன்.
மூன்றிலிருந்து ஐந்து போகாது என்றேன்.
போகும் தியா, என்றான் கஸ்பார்,
வெளியே ஆணியில் தொங்கும் வெப்பமானியைக் காட்டி.
'சாயங்காலம் மூணு இருந்துச்சு,
ராத்திரி அஞ்சு போச்சு,
காலையில வந்து பார்த்தேன்,
மிச்சம் கோட்டுக்குக் கீழே இருக்கு.'
பாடத்திட்டப்படி அவன் அங்கே இறங்க
இன்னும் நாலு வருஷம் ஆகும்.
குளிர் பாடத்திட்டம் படித்ததில்லை.

குளிர்காலம் எத்தனை மாதம்?
தேர்வில் கேட்டிருந்தேன்.
'எங்கள் வீட்டில் ஒன்பது வண்டி விறகு'
என்று எழுதியிருந்தாள் ரயென்.
சிவப்புப் பேனாவை மூடிவிட்டுக்
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
அப்புறம் பாதி மதிப்பெண் போட்டேன்.
ஏன் பாதி என்று
இன்னும் உறுத்துகிறது.

ஜூனில் முதல் பாடம் முடிகிறபோதுதான்
விளக்கை அணைக்கலாம்.
அடுப்பைச் சுற்றிக் கையுறைகள் காயும்,
ஈரக் கம்பளி நாற்றம், ஆட்டுப்பட்டி மாதிரி.
ஆ ஏ ஈ ஓ ஊ,
எங்கள் மொழிக்கு ஐந்தே உயிர்.
ஐந்தும் அன்று
சின்னவர்கள் வாயிலிருந்து
புகையாக வந்தன.
கண்ணால் பார்த்தே திருத்தினேன்:
ஓ இன்னும் கொஞ்சம் உருண்டையாக.

பள்ளி அடுப்புக்கு வீட்டுக்கு ஒரு வண்டி விறகு.
அனீபல் வீட்டில் வண்டியில்லை.
அப்பா வேலியடிக்கும் கூலி,
அம்மாவைப் பற்றி நான் கேட்டதில்லை.
அவன் தினம் ஒரு கட்டை கொண்டுவந்தான்,
அக்குளில் இடுக்கி, இரண்டு கிலோமீட்டர்.
வாசலில் ஒருமுறை தட்டுவான்,
பனி உதிர்வதற்கு.
வருகைப்பதிவில் அவன் பெயருக்கு நேரே
படுக்கைக் கோடாக ஒன்று இழுப்பேன்.
இது என்ன குறி என்று கேட்டார் ஆய்வாளர்.
வந்தான் என்று அர்த்தம், என்றேன்.

செப்டம்பரில் எல்லாம் சேறு.
பூட்ஸுக்குள்ளிருந்து கால் மட்டும் வகுப்புக்கு வரும்,
பூட்ஸ் மைதானத்திலேயே நிற்கும்.
தெற்கே ஏதோ பண்ணையில்
ஆடு குட்டி போடும் காலம், ஆள் வேண்டுமாம்.
ஒரு திங்கட்கிழமை
தட்டும் சத்தம் இல்லை.
வெள்ளிக்கிழமைக் கட்டை மூலையில் கிடந்தது,
ஞிர்ரே, ஒரு பக்கம் பாசி.
எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.
செவ்வாய்க்கிழமை மறுபடி உறைந்தது.
எரித்தேன்.
நன்றாகவே எரிந்தது.
அந்தச் சூட்டில் மூன்றாம் வகுப்பு
ஏழாம் வாய்ப்பாட்டை முடித்தது.

கோடை பற்றி எனக்கு அதிகம் தெரியாது.
அப்போது பள்ளி பூட்டியிருக்கும்,
காற்று மட்டும் வகுப்பெடுக்கும்.
மார்ச் முதல் நாள் நாக்கை நீட்டச் சொல்வேன்.
கலஃபாத்தே பழம் தின்ற நீலம்
வரிசையாக வெளியே வரும்.
என் பெயர்ப்பட்டியல் அதுதான்.

இந்த வருஷம் நடுவில் ஒரு இளஞ்சிவப்பு.
வடக்கிலிருந்து வந்தவள், பெயர் ஒர்னெல்லா.
'எல்லாருக்கும் உடம்பு சரியில்லையா?' என்று
பயந்துபோய்க் கேட்டாள்.
யாஸ்னா அவள் கையைப் பிடித்துக்
கழிவறைக்குப் பின்னாலிருக்கும் முட்புதருக்கு
இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பெஞ்சில் அவள் விட்டுப்போன குடை.
மஞ்சள் நிறம், புதுசு.
எடுத்து அலமாரியில் வைத்தேன்.
கேட்டால் கொடுப்பேன்.